ஃபுல் கவர்

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் கண்மாய் மறுகால் பாய்ந்து தெருவுக்குள் வந்துவிட்டது. சென்னையில் இருந்த எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் அப்பாவின் போன் வந்தது. “எய்யா, வீட்டுக்கு ஒண்ணுமில்ல. காருதான் முங்கிப்போச்சு. தண்ணி வடிஞ்சிருச்சு, என்ன செய்ய?”

“ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கப்பா” என்றேன். எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் செய்து பழகிய புத்தி. ஒருமுறை முக்கிவிட்டு டொக்கென்று நின்ற சத்தம் போனிலேயே கேட்டது.

இன்சூரன்ஸ் இருந்ததால் தைரியமாக இருந்தேன். தேர்டு பார்ட்டி, ஃபுல் கவர் என்று இரண்டுதான் ஊரில் பேச்சு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது தேர்டு பார்ட்டியை மட்டும். நம் வண்டி மோதி இன்னொருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ அவர் தரப்புக்கான இழப்பீடு அதில் வரும். அவருடைய பொருள் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை. நம் காருக்குப் பைசா கிடையாது. ஃபுல் கவரில் மோதல், திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் உண்டு. எங்களிடம் இருந்தது அதுதான்.

சர்வேயர் வந்தார். சீட், வயரிங் எல்லாம் சரி என்றார். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான். முழுசாக வர ஜீரோ டெப் எடுத்திருக்க வேண்டும். என்ஜினுக்கு ஒன்றும் வராது. காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது சாவியைத் திருகினால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வெள்ளத்தால் வந்த சேதமில்லையாம், ஸ்டார்ட் செய்ததால் வந்ததாம். அதற்கு ‘என்ஜின் ப்ரொடெக்ட்’ என்று தனி ஆட்-ஆன்.

அந்தப் பெயரை எனக்குத் தெரியும். 2015 வெள்ளத்தைப் பார்த்தவன் என்பதால் என் சென்னைக் காருக்கு அதை எடுத்திருந்தேன். அப்பாவின் காருக்கு ஆன்லைனில் புதுப்பித்தபோது அந்த டிக்கை எடுத்துவிட்டேன். மழைக்கு வானத்தையே பார்த்துக் கிடக்கும் கரிசக்காட்டில் என்ஜினுக்குள் எங்கே தண்ணீர் புகப்போகிறது என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். மிச்சம் சில நூறு ரூபாய்.

அப்பா கோபப்படவில்லை. அவருக்குத் தெரிந்தது பயிர் இன்சூரன்ஸ். “நம்ம உளுந்து மட்டும் அழிஞ்சாப் பத்தாது, ஊரு வெளைச்சலே கொறஞ்சிருக்கணும்பான். அவன் எழுதி வச்சிருக்கதத்தான பாப்பான்” என்றார். கேட்டவர்களிடமெல்லாம், “நாந்தான் சாவியத் திருகிக் கெடுத்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த முறை புதுப்பிக்கும்போது போனில் ஒவ்வொரு வரியாக வாசித்து அர்த்தம் சொன்னேன். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு. ஜீரோ டெப். என்ஜின் ப்ரொடெக்ட்.

“அதப் போட்டுருய்யா. போன தடவ இது இருந்துச்சா?”

“கேட்டான்ப்பா. நாந்தான் வேண்டாம்னு எடுத்துட்டேன்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“சரி, அடுத்தத வாசி.”