எண்ணெய்க் கணக்கும் தவணைக் கணக்கும்



பள்ளி வளாகத்தில் புதிய மகிழுந்து ஒன்று வந்து நின்றால், ஆசிரியர்கள் அறையில் எழும் முதல் கேள்வி "டீச்சர், எண்ணெய் ரொம்பக் குடிக்குமா?" என்பதுதான். கிராஸ்ஓவர் எனப்படும் உயரமான சிறு மகிழுந்துகள் நம்மிடையே பெருகிவிட்டதால் இக்கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால், அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, கடன் ஒப்பந்தத்தில் மட்டும் கண்ணை மூடிக் கையொப்பமிடும் இளம் ஆசிரியர்களைப் பார்க்கும்போதுதான் கவலை உண்டாகிறது. அவர்களை எண்ணியே இப்பதிவை எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டு அறிமுகமான பெரோடுவா அத்திவாவை நான் 2022இல் வாங்கினேன். 998 சிசி கொள்ளளவும் டர்போவும் கொண்ட மூன்று உருளை இயந்திரம் அது. செம்பனைத் தோட்டத்தின் ஊடே பள்ளிக்குச் செல்லும் செம்மண் சாலை மழைக்காலத்தில் குளமாகிவிடும். ஆதலால் தரையிலிருந்து சற்று உயர்ந்த வாகனம் எனக்குத் தேவைப்பட்டது.

வாங்கிய நாள்முதல் ஒரு குறிப்பேட்டில் எண்ணெய்க் கணக்கை எழுதி வருகிறேன். முறை எளிது. கலனை நிரப்பி, பயணமானியைச் சுழியமாக்கிவிட வேண்டும். அடுத்த முறை மீண்டும் நிரப்பும்போது, ஓடிய தூரத்தை அப்போது ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். 432 கிலோமீட்டர் ஓடி 28.8 லிட்டர் ஊற்றினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். எனக்குப் பெரும்பாலும் இந்த எண்ணே கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் நிதானமாகச் சென்றால் 17 கூடக் கிட்டும். அதே சாலையில் விரட்டினால் இறங்கிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதே காரணம். மணிக்கு 80 கிலோமீட்டரில் இருந்ததைவிட 110இல் அது ஏறத்தாழ இரு மடங்கு. உயரமான வாகனம் அதனை இன்னும் கூடுதலாக உணரும்.

இப்போது கணக்கிற்கு வருவோம். ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்று கொள்வோம். நான் வாங்கியபோது ரோன்95 எண்ணெய் லிட்டர் 2 வெள்ளி 5 காசு. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டம், தகுதியுள்ள மலேசியர்களுக்கு அதனை 1 வெள்ளி 99 காசுக்கு அளித்தது. கணக்கின் எளிமைக்காக 2 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வாகனத்திற்கு ஆண்டுக்கு 1,200 லிட்டர் வேண்டும். 18 கிலோமீட்டர் ஓடுவதற்கு 1,000 லிட்டர் போதும். வேறுபாடு 200 லிட்டர், அதாவது 400 வெள்ளி. ஒன்பது ஆண்டுகளுக்கு 3,600 வெள்ளி.

இங்கே நம் மாணவர்கள் தடுமாறக்கூடிய ஓர் இடமும் உண்டு. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடும் பழைய வாகனத்தைக் கொடுத்துவிட்டு 12 ஓடுவதை வாங்கினாலும் வேறுபாடு அதே மூன்று கிலோமீட்டர்தான். ஆனால், மிச்சமாவது 500 லிட்டர்! ஆக, ஏற்கெனவே சிக்கனமாக ஓடும் இரு புதிய வாகனங்களுக்கிடையே எண்ணெயை மட்டும் வைத்து மணிக்கணக்கில் விவாதிப்பதில் பயன் குறைவு.

அடுத்தது கடன். முன்பணம் போக நான் 60,000 வெள்ளி கடன் பெற்றேன். வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு. கடன் குறையக் குறைய வட்டி குறையாது. தொடக்கத்தில் பெற்ற முழுத் தொகைக்கே ஒவ்வோர் ஆண்டும் கணக்கிடும் முறையில் என் ஒப்பந்தம் அமைந்தது. ஒன்பது ஆண்டு என்றால் வட்டி 16,200 வெள்ளி, மாதத் தவணை ஏறக்குறைய 706 வெள்ளி. ஏழு ஆண்டு என்றால் வட்டி 12,600 வெள்ளி, தவணை 864 வெள்ளி. இரண்டு வட்டிகளுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? அதே 3,600 வெள்ளி!

ஒன்பது ஆண்டுகள் பார்த்துப் பார்த்து ஓட்டி எண்ணெயில் மிச்சம் பிடிக்கும் தொகையை, கடன் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டும் ஒரு கையொப்பம் முழுதாக விழுங்கிவிடுகிறது.

விற்பனையாளர் ஒன்பது ஆண்டுகளையே பரிந்துரைத்தார். நான் ஏழைத் தேர்ந்தேன். அப்போது என் மகள் நான்காம் ஆண்டு மாணவி. 2029இல் அவள் எஸ்.பி.எம். எழுதுவாள். அவள் மேற்கல்விக்குச் செல்லும் வேளையில் வாகனத் தவணை அவளோடு போட்டியிடக் கூடாது என்பதே என் எண்ணம். அதற்காக உயர்ரக வகையைக் கைவிட்டேன். மாதம் கூடுதலாக ஏறக்குறைய 160 வெள்ளி கட்டுவது எளிதன்று. வெளியே சாப்பிடுவது குறைந்தது. விடுமுறைப் பயணங்களும் சுருங்கின.

பிற செலவுகளையும் கருத வேண்டும். 1,000 சிசிக்கு உட்பட்ட வாகனத்திற்குத் தீபகற்பத்தில் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளியே. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், காப்புறுதிச் சந்தா வாகனத்தின் மதிப்பையும் ஒட்டியது. இழப்பீடு கோராதவருக்குக் கிடைக்கும் கழிவு முதலாண்டுக்குப் பின் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாண்டுகளில் 55 விழுக்காட்டை எட்டும். சிறு கீறலுக்காக இழப்பீடு கோரினால் அக்கழிவு போய்விடும். பழுதுபார்க்கும் செலவையும் இழக்கப்போகும் கழிவையும் ஒப்பிட்ட பிறகே கோர வேண்டும்.

இக்கணக்குகளில் பெருக்கலும் வகுத்தலும் விழுக்காடுமே உள்ளன. ஆறாம் ஆண்டு மாணவர்கள் செய்யக்கூடியவைதாம். பெற்றோர் தங்கள் எண்ணெய் இரசீதுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கணக்கிடச் சொல்லலாம். வாகனம் வாங்கவிருக்கும் இளம் ஆசிரியர்களே, மேற்கண்ட எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களை இட்டு, கையொப்பமிடுவதற்கு முதல் நாள் இரவு ஒருமுறை செய்து பாருங்கள்.