முட்டம் பாறையில் தூண்டில் போடப் போறீங்களா? ரீலில் எந்த நரம்பு என்பதை முதலில் முடிவு பண்ணுங்க!

முட்டம் என்றதும் ‘கடலோரக் கவிதைகள்’ படத்தின் பாறைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாகர்கோவிலில் இருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில் இருக்கும் இந்தக் குமரி மாவட்டக் கடற்கரை கிராமத்தில், மேட்டின் மீது கலங்கரை விளக்கம், அதன் கீழே அலை வந்து மோதும் பாறைக் கூட்டம், பக்கத்திலேயே நீண்ட மணற்பரப்பு, சற்றுத் தள்ளி மீன்பிடித் துறைமுகம் என எல்லாமே நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும்.

செல்ஃபி எடுக்க வருபவர்களுக்கு இது ஒரே கடல். ராடும் ரீலுமாக வருபவர்களுக்கோ மணல் ஒரு கடல், பாறை வேறொரு கடல். “எந்த நரம்பு நல்லது, பிரெய்டா மோனோவா?” என்ற கேள்விக்குக் கடைக்காரரைவிட இந்த இடமே சரியான பதில் சொல்லும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கடற்கரைப் பக்கம் ‘நரம்பு’, ‘தங்கூஸ்’ என்று சொல்வதுதான் மோனோ. கண்ணாடி போன்ற ஒற்றை இழை நைலான். இழுத்தால் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும். விலையும் குறைவு.

பிரெய்டு என்பது பின்னல் நரம்பு. பாலிஎத்திலீன் வகையைச் சேர்ந்த மிக மெல்லிய இழைகளைத் தலைமுடி பின்னுவது போலப் பின்னியிருப்பார்கள். 30 பவுண்டு, அதாவது சுமார் 14 கிலோ இழுவை தாங்கும் மோனோ அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும். அதே பலமுள்ள பிரெய்டு கிட்டத்தட்ட அதில் பாதிதான். நீளும் தன்மையும் மிகக் குறைவு. விலை மட்டும் பல மடங்கு.

மணலில் பிரெய்டு ராஜா!

மணவாளக்குறிச்சி பக்கம் நீளும் மணற்கரையில் நின்று வீசும்போது, இரை அலை உடையும் இடத்தைத் தாண்டி விழ வேண்டும். மெல்லிய பிரெய்டு காற்றையும் தண்ணீரையும் எளிதாகக் கிழித்துக்கொண்டு போகும். ரீலிலும் அதிக நீளம் சுற்றலாம். தூரத்தில் மீன் லேசாகக் கொத்தினாலும் உடனே கைக்குத் தெரிந்துவிடும்.

ஆனால், பிரெய்டை வெறும் ஸ்பூலில் அப்படியே சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் மோனோவைச் சுற்றி, அதன் மேல் கட்டினால் பிடித்துக்கொள்ளும். தளர்வாகச் சுற்றினாலும் சிக்குதான். ஈரத்துணியால் பிடித்து, இறுக்கமாகச் சுற்ற வேண்டும்.

பாறைக்கு வந்தால் கதை மாறும்

அதே பிரெய்டோடு கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைக்கு வந்தால் பாதி பலம் காணாமல் போன மாதிரிதான். சிப்பியும் கொட்டலசும் ஒட்டிய பாறை விளிம்பில் உரசினால் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். களவா போன்ற மீன்கள் முள்ளில் மாட்டியதும் நேராகப் பாறைப் பொந்துக்குள் பாயும். தடித்த மோனோ அந்த உரசலைக் கொஞ்ச நேரமாவது தாங்கும். பாரை மீன் திடீரென வெட்டி இழுக்கும்போதும், மோனோ நீண்டு கொடுத்து முள் பிய்ந்து போகாமல் காப்பாற்றும்.

இதைவிட முக்கியமான ஒன்று, முள் பாறையில் சிக்கும்போது நடப்பது. பலமான பிரெய்டு லேசில் அறாது. அதைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தால் கத்தி போல விரலை வெட்டும். பாசி படிந்த பாறையின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து இழுத்தால், கால் வழுக்கினாலோ பெரிய அலை வந்தாலோ பிடிக்க எதுவும் இருக்காது. சில நூறு ரூபாய் லூருக்காக எடுக்கக் கூடாத ஆபத்து அது.

சிக்கினால் ஓரத்தை விட்டு விலகி நில்லுங்கள். நரம்பை ஒரு மரக்கட்டையில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள். மோனோவாக இருந்தால் ஈயக்குண்டு உண்டிவில் கல் போலத் திரும்பிப் பாயலாம் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

இன்னொரு எளிய வழியும் உண்டு. ஈயக்குண்டை மட்டும் பலம் குறைந்த மெல்லிய மோனோவில் தனியாகக் கட்டிவிடுங்கள். சிக்கினால் அது மட்டும் அறும். முள்ளும் மீனும் தப்பித்து வரும். எங்கே அறுபட வேண்டும் என்பதை முன்கூட்டியே நாம் முடிவு செய்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

இரண்டையும் இணைத்தால்?

குமரி மாவட்டத்தின் மேற்கே உள்ள தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பெயர் பெற்றவர்கள். அவர்களின் நீண்ட தூண்டிலில் தலைக்கயிறு ஒன்று. அதிலிருந்து முட்களோடு இறங்கும் கிளைகள் தனி. கரையில் நிற்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம். ரீலில் பிரெய்டு, முனையில் தடித்த மோனோ. மணலுக்கு ஓரிரு மீட்டர் மோனோ போதும். பாறைக்கு அதைவிட நீளமாக, தடிமனாகக் கட்ட வேண்டும். பிரெய்டு வழுக்கும் என்பதால் சாதாரண முடிச்சு நிற்காது. ‘எஃப்ஜி’ அல்லது ‘டபுள் யூனி’ முடிச்சை வீட்டிலேயே பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

முதன்முறை வருபவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் முழுக்க மோனோவிலேயே தொடங்கலாம். சிக்கு விழுந்தால் பிரிப்பது எளிது. வீணானாலும் பெரிய செலவில்லை. வெயிலில் மோனோ சீக்கிரம் பலமிழக்கும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். எந்த நரம்பானாலும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பின்னலுக்குள் தங்கும் உப்பும் மணலும் பிரெய்டைத் தேய்த்துவிடும்.

கிளம்பும் முன்...

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் சீறும். அந்த மாதங்களில் பாறைப் பக்கமே போக வேண்டாம். மற்ற நாட்களிலும் எந்தப் பாறையில் அலை ஏறும் என்பதை உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். பிடியுள்ள செருப்பு, லைஃப் ஜாக்கெட், கூட ஒரு ஆள் மூன்றும் அவசியம்.

அறுந்த நரம்பைப் பாறையிலேயே போட்டுவிட்டு வராதீர்கள். மோனோவோ பிரெய்டோ, இரண்டும் மக்காது. கடல் ஆமையின் துடுப்பிலும் பறவையின் காலிலும் சுற்றினால் அவற்றால் கழற்ற முடியாது. பையில் ஒரு சின்ன டப்பாவும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும். வெட்டிய துண்டுகளோடு, வேறு யாரோ விட்டுப்போனதையும் சேர்த்து எடுத்து வந்துவிடலாம்.