கிப்லா ஒன்றே

“முஸ்லிம்கள் எல்லோரும் ஒன்றுதானே? உங்களுக்குள் சன்னி, ஷியா என்பதெல்லாம் என்ன?” என்று வகுப்புத் தோழர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சன்னிக் குடும்பத்தில் பிறந்த நான், எனக்குத் தெரிந்த அளவில் விடை கூற முற்படுகிறேன்.

இறைவன் ஒருவன், இறுதித் தூதர் ஒருவர், குர்ஆன் ஒன்று, தொழுகையில் முகம் நோக்கும் கிப்லாவாகிய கஅபாவும் ஒன்று. இவற்றில் இரு சாராரும் வேறுபடவில்லை. வேறுபாடு தலைமையைப் பற்றியது. கி.பி. 632இல் நபிகள் நாயகம் (ஸல்) மறைந்தபின், சமுதாயத்தார் ஏற்ற அபூபக்கர் (ரலி) அவர்களே முறையான முதல் கலீபா என்பது சன்னிகளின் கொள்கை. நாயகமே தம் மருமகனார் அலி (ரலி) அவர்களை நியமித்தார்கள் என்பதும், அவர் முதலாகப் பன்னிரு இமாம்கள் இறைவனால் தேர்ந்தெடுக்கப்பெற்றவர்கள் என்பதும் ஷியாக்களில் பெரும்பான்மையோர் நம்பிக்கை. கதீர் கும் என்னுமிடத்தில் நாயகம் அலியை ‘மௌலா’ என்றழைத்த செய்தி இரு சாரார் நூல்களிலும் உண்டு. அச்சொல்லுக்கு நாங்கள் ‘நேசர்’ என்று பொருள் கொள்கிறோம். அவர்கள் ‘தலைவர்’ என்கிறார்கள். ஒரு சொல்லுக்குள் எத்துணை பெரிய வரலாறு!

எனக்கொரு ஷியா நண்பர் உண்டு. அவர் கைகளைக் கட்டாமல் தொழுவார். சிறு மண்வில்லையில் நெற்றி பதிப்பார். சன்னிகளிலேயே மாலிகி மத்ஹபினர் பலர் கைகளைக் கட்டுவதில்லையே! முஹர்ரம் பத்தாம் நாளில் நான் நோன்பு வைக்கிறேன். அவரோ சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலுக்குச் சென்று, கி.பி. 680இல் கர்பலாவில் ஷஹீதான ஹுசைன் (ரலி) அவர்களுக்காகக் கண்ணீர் வடிக்கிறார். ஹுசைன் எனக்கும் என் நாயகத்தின் பேரர் அல்லவா?

“அவனோடு நின்று தொழாதே தம்பி, அவன் முஸ்லிமே இல்லை” என்றார் என் உறவினர் ஒருவர். என் உள்ளம் அதை ஏற்கவில்லை. அந்தச் சொல்தான் வேறோர் ஊரில் வெடிகுண்டாகிறது. 2006இல் இராக்கின் சமார்ரா நகரில் ஷியா இமாம்களின் அடக்கத்தலத்துப் பொன் குவிமாடம் தகர்க்கப்பட்டது. உடனே சன்னிப் பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. இரு புறமும் தாய்மார்கள் பிள்ளைகளை இழந்தனர்.

அதற்காக எல்லாப் போருக்கும் மார்க்கமே காரணம் என்பதும் பொருந்தாது. 1980 முதல் 1988 வரை ஷியா நாடாகிய ஈரானுடன் போரிட்ட இராக்கியப் படைவீரர்களில் ஷியாக்களே மிகுதி. அங்கே மோதியவை அரசுகள்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1959இல் கெய்ரோ அல்அஸ்ஹரின் தலைவர் மஹ்மூத் ஷல்தூத், ஷியாக்களின் ஜஅஃபரி மத்ஹபைப் பின்பற்றுதலும் செல்லும் எனத் தீர்ப்பளித்தார். 2005இல் அம்மான் நகரில் கூடிய அறிஞர்கள், சன்னி, ஷியா, இபாதி மத்ஹபுகள் எட்டையும் ஏற்று, அவற்றைப் பின்பற்றும் எவரையும் காஃபிர் எனல் ஆகாது என்று அறிவித்தனர். 2023இல் சவூதி அரேபியாவும் ஈரானும் முறிந்த தூதரக உறவைப் புதுப்பிக்க இசைந்தன.

ஆயினும் அறிஞர் தீர்ப்பும் அரசர் கையொப்பமும் நம் வீட்டு வாசல் வரைதான் வரும். உள்ளே வரவிடுவது நம் பொறுப்பு. கொள்கை வேறுபாடு மறைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு உயிர். பிறரை மார்க்கத்தை விட்டு நீக்கும் உரிமை நம் நாவுக்கு இல்லை என்று உணர்ந்தாலே போதும். ஒற்றுமையின் முதற்படி அதுவே. அந்தப் படியில் ஏற, எந்த மாநாட்டுக்காகவும் நான் காத்திருக்கப்போவதில்லை.