பறவை பார்க்காத இடம்

நெதர்லாந்தின் லைடன் நகரில் உள்ள நாச்சுராலிஸ் அருங்காட்சியகம் 1820இல் தொடங்கியது. இன்று அங்கே 4 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. நான் பார்க்கப் போனது அதில் ஒரு சின்னக் கூட்டத்தை: மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் கொடுக்கில்லாத் தேனீக்களைப் போல வேடமிட்டுத் திரியும் மலர் ஈக்கள்.

ஆய்வாளர் இரண்டு ஊசிகளை என் முன் நட்டு வைத்தார். இரண்டிலும் கரிய சிறு பூச்சி, புகையேறிய சிறகு, பின்னங்காலில் அடர்ந்த மயிர். "இதில் எது தேனீ?" என்றார். இரண்டுமே தேனீயாகத்தான் எனக்குத் தெரிந்தன. நுண்ணோக்கியின் கீழ் வைத்ததும் குட்டு உடைந்தது. ஒன்றுக்கு நான்கு சிறகு. மற்றதற்கு இரண்டுதான், பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல ஒரு குமிழ். பறக்கும்போது ஈ நிலைதடுமாறாமல் இருக்க உதவும் உறுப்பு அது. தேனீக்கு மகரந்தம் சுமக்கப் பின்னங்கால் வேண்டும். ஈக்கோ அந்த மயிரெல்லாம் வெறும் ஒப்பனை.

"கொட்டாத தேனீயைப் பார்த்து எது பயப்படும்?" என்று கேட்டேன். சிரித்தார். "நாலு தேனீ தலைமுடிக்குள் புகுந்து கடித்தால் தெரியும்." கூட்டமாக வந்து கடிக்கும், பிசினை அப்பும். ஆக்சிட்ரிகோனா என்ற பேரினம் ஃபார்மிக் அமிலத்தைக் கக்கித் தோலைப் பொசுக்கிவிடும். ஒருமுறை பட்ட பறவை அந்த உருவத்தையே ஒதுக்கும். அந்தப் பயத்தில்தான் ஈ பிழைக்கிறது.

வகைப்படுத்துபவருக்குத் தொல்லையும் இங்கேதான். ஒரே வேடத்தைப் பல பேரினங்கள் போட்டிருக்கின்றன. நிறத்தையும் மயிரையும் நம்பிப் பிரித்தால் உறவில்லாதவை ஒரே பெட்டிக்குள் வந்து சேரும். ஃபிரான்சிஸ் வாக்கர் 1852இல் பெயரிட்ட உப்ரிஸ்டெஸ் பேரினத்தில் பின்னாளில் அப்படிப் பல சேர்ந்தன. இந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மென்னோ ரீமர், தேனீ வேடமிட்ட ஈக்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2013இல் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார். ஸ்டிபோமார்ஃபா, ஹிப்செலோசிர்ஃபஸ் போன்ற பேரினங்களின் எல்லைகள் அவருடைய ஆய்வுகளில் தெளிவாயின.

அப்படியானால் எதைப் பார்க்கிறார்கள்? சிறகு நரம்பின் ஓட்டத்தை, உணர்கொம்புக் கணுக்களின் நீளத்தை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆண் ஈயின் பிறப்புறுப்பை. வயிற்றின் நுனியைக் கத்தரித்து, வெதுவெதுப்பான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊற வைப்பார்கள். தசை கரைந்து, தேன்நிறக் கூடு மட்டும் மிஞ்சும். அதைக் கிளிசரினில் புரட்டிப் புரட்டிப் பார்த்து வரைவார்கள். வேலை முடிந்ததும் சிறு குப்பியில் இட்டு, அதே ஈயின் ஊசியிலேயே செருகிவிடுவார்கள். வயிறு ஓரிடம், உடல் ஓரிடம் என்றானால் மாதிரி பாழ்.

பக்கத்து மேசைப் பெண் ஊசி குத்திக்கொண்டிருந்தார். மார்பின் நட்டநடுவில் குத்துவதில்லை. சற்று வலப்புறம் தள்ளிக் குத்துகிறார். ஒரு பக்கத்து மயிர் சிதைந்தாலும் மறுபக்கம் முழுதாக இருக்கும். கூடார வலையில் விழுந்து சாராயத்தில் ஊறிவந்த ஈக்களின் மயிர் ஒட்டிக் கிடக்கும். அதைப் பக்குவமாக உலர்த்திப் பிரிக்காவிட்டால் மயிரின் நிறமே தெரியாது. அடுத்து, பிடித்த ஊரும் தேதியும் பிடித்தவர் பெயரும் எழுதிய நறுக்குச்சீட்டு. அது இல்லாத ஈயால் ஆய்வுக்கு அதிகப் பயனில்லை.

இந்த வகை ஈக்களின் புழுப் பருவம் கழிவது பெரும்பாலும் எறும்புப் புற்றுக்குள். நத்தை வகை என்றே நினைத்து 19ஆம் நூற்றாண்டில் அந்தப் புழுவுக்குப் பெயர் வைத்தவர்களும் உண்டு. மலர் ஈ என்று பெயர் இருந்தாலும், வளர்ந்த ஈயும் பூக்களில் அபூர்வமாகவே உட்காரும். ஆகவே காட்டில் தேடிப் போனாலும் எளிதில் சிக்காது. வலையில் ஒன்றிரண்டாகத்தான் விழும். விழுந்ததையும் தேனீ என்று எண்ணி யாரோ அருங்காட்சியகத்தின் தேனீ மாதிரிப் பெட்டியில் வைத்துவிட்டிருக்கலாம். அதனால்தான் இந்த ஆய்வாளர் தேனீப் பெட்டிகளையும் விடாமல் திறந்து பார்க்கிறார். பறவைக்கு வெளித்தோற்றம் போதும். இவருக்குச் சிறகை எண்ணியாக வேண்டும்.