ஒரு படகும் ஒரு குடும்பமும்

இராமேசுவரத்தில் 1976-ஆம் ஆண்டு ஜைனுலாபுதீன் காலமானபோது அவருக்கு வயது 102. பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய அவருடைய இளைய மகன் அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் தரும் கணக்கு இது. அக்கணக்கின்படி, பாம்பன் கடல்மீது தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்ட 1914-இல் அவர் நாற்பது வயதை எட்டியிருந்தார். தனுஷ்கோடியைப் புயல் விழுங்கிய 1964-இல் தொண்ணூறு வயது முதியவர். இருப்புப்பாதை தீவைத் தொடுவதற்கு முன்பே ஆளாகி நின்றவர், தனுஷ்கோடித் துறையிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதையும் கண்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் அத்துறை மணல்மேடாகிப் போனதையும் கண்டார். இத்தனை நீண்ட வாழ்நாளில் அவர் செய்த செயல் யாதெனக் கேட்டால், குடும்பத்தைக் காப்பாற்றினார் என்பதே விடை. கேட்பதற்கு எளிய விடைதான்.

அவர் பள்ளியில் முறையாகப் பயின்றவர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். இராமேசுவரம் மசூதித் தெருவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பழைய வீடு முன்னோர் வழியாக அவருக்கு வாய்த்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த வீடு அது. அங்கிருந்து இராமநாதசுவாமி திருக்கோயிலுக்குப் பத்து நிமிட நடை. வீட்டில் ஆடம்பரப் பொருள் என்று ஒன்றும் இல்லை. உணவு, மருந்து, உடை ஆகிய தேவைகளுக்குக் குறைவும் இல்லை. துணைவியார் ஆஷியம்மாள் நாள்தோறும் எத்தனை பேருக்குச் சோறிட்டார் என்பதற்கு ஒரு கணக்கும் இருந்ததில்லை. உண்போரில் வீட்டாரைவிட வெளியாரே மிகுதி என்பது மட்டும் மகனுக்கு நினைவிருந்தது.

அந்தச் சோற்றுக்கான உழைப்பு விடியலுக்கு முன்னரே தொடங்கிவிடும். காலை நான்கு மணிக்கு எழுந்து தொழுகையை முடித்துக்கொண்டு, நான்கு மைல் தொலைவிலிருந்த சிறிய தென்னந்தோப்புக்கு நடந்தே போவார் ஜைனுலாபுதீன். திரும்பும்போது ஒரு டசன் தேங்காய்கள் கட்டாகத் தோளில் தொங்கும். அதன் பிறகே காலை உணவு. போகவர எட்டு மைல். அதிலும் பாதித் தொலைவு சுமையோடு. கடலோர மணலில் கால் புதைய நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கு எட்டு மைல் என்பது எட்டு மைலோடு முடிவதன்று. அறுபதைத் தாண்டி எழுபதை நெருங்கும் வயதிலும் அந்நடையை அவர் விடவில்லை. அந்த வயதில் பலர் திண்ணையில் அமர்ந்து பிள்ளைகளை ஏவிக்கொண்டிருப்பார்கள். அவரோ பிள்ளைகள் கண்விழிக்கும் நேரத்தில் பாதி வழி சென்றிருப்பார்.

சமையலறைத் தரையில் தாயுடன் அமர்ந்து வாழையிலையில் உண்ட உணவைக் கலாம் நினைவுகூர்வதுண்டு. சோறு, மணக்கும் சாம்பார், வீட்டில் போட்ட ஊறுகாய், ஒரு கை தேங்காய்த் துவையல். அத்துவையலுக்குப் பின்னால் நான்கு மைல் சுமை இருந்தது. உண்ணும் சிறுவனுக்கு அப்போது அது தோன்றியிருக்க வேண்டியதில்லை.

ஆயினும் தேங்காய் மட்டும் ஒரு பெரிய குடும்பத்தைத் தாங்கிவிடாது. இராமேசுவரம் வரும் அடியார்கள் தனுஷ்கோடிக்குச் சென்று சேதுவில் நீராட விரும்புவர். அவர்களை ஏற்றிச் செல்வதற்கு ஒரு பாய்மரப் படகு இருந்தால் பிழைப்புக்கு வழியாகும் என எண்ணினார். விலை கொடுத்து வாங்காமல், கடற்கரையிலேயே கட்டத் தொடங்கினார். கலாமுக்கு அப்போது ஆறு வயது. 1931-இல் பிறந்தவர் அவர் என்பதால், படகு உருவானது 1937-ஐ ஒட்டிய காலம் எனலாம். தந்தைக்கு அறுபதுக்குமேல் வயது. புதுத் தொழில் தொடங்கும் வயதன்று அது. ஆனால் வயதைப் பார்த்துத் தொழில் தேர்ந்தெடுக்கும் வசதி எல்லாக் குடும்பத் தலைவர்களுக்கும் அமைவதில்லை.

படகு கட்டுவதில் துணையாக நின்றவர் உறவினரான அகமது ஜலாலுதீன். பின்னாளில் அவ்வீட்டு மகளை மணந்து மருமகன் ஆனவர். முதியவரும் இளைஞருமாக இருவரும் நாள்தோறும் வேலை செய்தனர். மரத்துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்திப் படகின் உடலாக மாறுவதைச் சிறுவன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கட்டையையும் தடுப்புப் பலகைகளையும் விறகுத் தீயின் வெப்பத்தில் பதப்படுத்துவார்கள். அனல் குறைந்தால் மரம் பதப்படாது, மிகுந்தால் கருகிப்போகும். இராக்கெட் செய்தவரின் முதல் பட்டறை அக்கடற்கரையே எனச் சொல்லத் தோன்றும். அது சற்று மிகைதான். எனினும், கருதிய பொருளைக் கைகளால் உருவாக்க முடியும் என்பதை அவர் முதன்முதலில் கண்ட இடம் அதுவே.

படகு கடலில் இறங்கியது. தொழில் நன்றாகவே நடந்தது. அவ்வாறிருக்க, ஒருநாள் மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட விரைவில் வீசிய புயற்காற்று அப்படகை அடித்துச் சென்றது. சேதுக்கரை நிலத்தின் ஒரு பகுதியும் உடன் போயிற்று. அதுவரை கடலின் அழகை மட்டுமே கண்டிருந்த மகன், அதன் கட்டற்ற ஆற்றலை அன்றுதான் அறிந்தார். தந்தை அதனை முன்பே அறிந்தவர். பல மாத உழைப்பு ஒரே இரவில் இல்லாமற் போனபின், அவர் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே: மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது. அதைச் செய்தார்.

மசூதியில் தொழுகையை நடத்திவைக்கும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது, பல சமயத்தவரும் கிண்ணங்களில் நீர் ஏந்தி வாயிலில் காத்திருப்பர். அவர் விரல் நுனியை நீரில் நனைத்து இறைவனை வேண்டுவார். நோயுற்றோருக்காக அந்நீர் வீடுகளுக்குப் போகும். நலம் பெற்றவர்கள் நன்றி கூற வரும்போது, நன்றியை இறைவனுக்குச் செலுத்துமாறு சொல்லிச் சிரிப்பார். கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி இலட்சுமண சாஸ்திரி அவருடைய நெருங்கிய நண்பர். அவரவர் மரபுக்குரிய உடையில் இருவரும் அமர்ந்து ஆன்மிகம் பேசுவது தீவில் வழக்கமான காட்சி. ஆண்டுதோறும் நடைபெறும் சீதா இராமர் திருக்கல்யாணத்தின்போது, கோயில் திருமேனிகளை இராம தீர்த்தத்தின் நடுவிலுள்ள மண்டபத்துக்குக் கொண்டுசெல்வதற்கான படகுகளை ஆயத்தம் செய்து தந்ததும் இக்குடும்பமே. இவற்றையெல்லாம் அக்காலத்தில் அங்கு யாரும் வியந்து பேசியதாகத் தெரியவில்லை. ஊர் அவ்வாறு இருந்தது.

நாடு விடுதலை பெற்றதை ஒட்டி இராமேசுவரத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் நடைபெற்றது. ஜைனுலாபுதீன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றே தலைவராகவும் ஆனார். சமயம், சாதி, செல்வம் ஆகிய எவையும் அவருக்கு அப்பதவியைத் தரவில்லை. நல்லவர் என்னும் பெயரே தந்தது. அந்நாள்களில் ஒரு மாலைப்பொழுது. மகன் வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் வந்து தந்தை எங்கே என வினவினார். தொழுகைக்குப் போயிருக்கிறார் என்றார் மகன். அவருக்காகக் கொண்டுவந்த பொருளை வைத்துவிட்டுப் போகலாமா என்றார் வந்தவர். அன்னையிடம் கேட்க எண்ணி மகன் குரல் கொடுத்தார். அன்னையும் தொழுகையில் இருந்ததால் மறுமொழி வரவில்லை. கட்டிலின்மேல் வைத்துவிட்டுப் போகுமாறு சொல்லிவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தார்.

தந்தை திரும்பி வந்து பொதியைப் பிரித்தார். வெள்ளித் தட்டு, விலையுயர்ந்த வேட்டி, அங்கவஸ்திரம், பழங்கள், இனிப்புகள். வந்தவர் பெயர் எழுதிய சீட்டு ஒன்று. அவருக்குச் சினம் பொங்கியது. அதுவரை மகனை அடித்தறியாத கை அன்று அடித்தது. மகன் அஞ்சி அழுதார். தாய் அணைத்துத் தேற்றினார். பின்னர்த் தந்தையே அருகில் வந்து தோளைத் தொட்டு, தம் ஒப்புதலின்றி எவரிடமும் எதையும் பெறக்கூடாது என்று எடுத்துரைத்தார். பதவியில் இருப்பவருக்கு வரும் பரிசின் பின்னே ஒரு நோக்கம் இருக்கும். அது தீங்கானது என்பது அவர் கருத்து. அடித்தது சரியா என இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அச்சினத்தின் வேர் எதுவென்பதையும் பார்க்க வேண்டும். ஒரு டசன் தேங்காய்க்கு எட்டு மைல் நடந்தவர் அவர். நடக்காமல் வந்த வெள்ளித் தட்டு அவருக்கு அச்சத்தையே தந்திருக்கும். கலாம் இந்நிகழ்ச்சியைத் தம் முதுமையிலும் மறவாமல் எழுதினார்.

மகனைத் தீவை விட்டு அனுப்புவது வேறுவகைச் சோதனை. இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர மகன் ஒப்புதல் வேண்டியபோது, வளர வேண்டுமாயின் வெளியே போகத்தான் வேண்டும் என உடன்பட்டார். தயங்கிய தாயையும் தேற்றினார். மகன்கள் நால்வரையும் மசூதிக்கு அழைத்துச் சென்று ஓதினார். பின்னர் இளையவரைத் தொடர்வண்டியில் ஏற்றிவிட்டார். மகன் மாவட்ட ஆட்சியர் ஆகவேண்டும் என்பது அவரது விருப்பம். ஒரு தீவில் வாழ்ந்த தகப்பனுக்கு, எட்டிப் பார்க்கக்கூடிய உயர்ந்த நாற்காலி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த தடை பணம். சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் படிக்க மகனுக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அத்தனை தொகையைத் தந்தையால் ஒதுக்க இயலவில்லை. மகள் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்துத் தம்பிக்கு உதவினார். ஒரு குடும்பத் தலைவரின் உழைப்பு எதுவரை எட்டியது, எங்கே எட்டாமல் நின்றது என்பது இங்கே தெரிகிறது. எட்டாத இடத்தில் அவர் வளர்த்த மகள் கை நீட்டினார்.

1963-இல், இராக்கெட் ஏவும் நுட்பத்தைப் பயில மகன் அமெரிக்கா செல்லவிருந்தார். புறப்படுமுன் இராமேசுவரம் வந்து செய்தியைச் சொன்னார். தந்தை மகிழ்ந்து, மசூதிக்கு அழைத்துச் சென்று, நன்றித் தொழுகைக்கு ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் தனுஷ்கோடிப் புயல். பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியைக் கடல் இழுத்துக்கொண்டது; நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எத்தனையோ அடியார்களை அவர் படகில் கொண்டு சேர்த்த கரையில், இன்று நிற்பவை தேவாலயத்தின் சுவரும் தொடர்வண்டி நிலையத்தின் இடிபாடுகளுமே.

நூறு வயது நெருங்கியும் கடந்தும் அவர் அவ்வீட்டிலேயே இருந்தார். நீண்ட ஆயுளை வரம் என்பர். அதன் விலையை அறிந்தோர் அவ்வாறு உடனே சொல்லமாட்டார்கள். அவருக்கு அந்த விலை ஜலாலுதீனின் இறப்பாக வந்தது. கடற்கரையில் அறுபது வயது முதியவரோடு சேர்ந்து மரத்துக்குத் தீ மூட்டிப் பதப்படுத்திய அந்த இளைஞர், மருமகனாகி வீட்டுக்குத் தூணாய் நின்றவர், அவருக்கு முன்பே போய்விட்டார். செய்தி கேட்டு மகன் இரவோடு இரவாகப் பேருந்தில் பயணம் செய்து இராமேசுவரம் வந்து சேர்ந்தார். நூறு வயதைக் கடந்திருந்த தந்தை மருமகனை அடக்கம் செய்ய நேர்ந்தது. எல்லாம் முடிந்தபின் அவர் மகனின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். கண்ணில் நீர் இல்லை.

பின்பு அவரும் மறைந்தார். பேரப் பிள்ளைகள் பதினைந்து பேரும் கொள்ளுப்பேரன் ஒருவரும் அப்போது இருந்தனர்.