நூறு ஐந்நூறான கணக்கு

விதியைக் கற்றல் எளிது; அவ்விதி எவ்விடத்துச் செல்லாது என்று உணர்தல் அரிது. இவ்வுண்மையை எமக்குத் தெளிவித்தது அம்பத்தூரில் ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் விடுத்த வினாவாகும்.

அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் மின்சார ரயிலேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர் மூவர் யாம். அப்பெரியவர் ஒரு பெருக்கியின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையே 100 பிக்கோபாரட் கண்டென்சர் ஒன்றைப் பற்றவைத்திருந்தார். “100 என்று அச்சிட்டது 500 போல மேற்சுருதியை விழுங்குகிறதே, தம்பிகளே! மிச்சம் 400 எங்கிருந்து வந்தது? கல்லூரியில் படிக்கிறீர்கள், சொல்லுங்கள்” என்றார். இதற்கு விடை கூறாவிடில் எம் கல்வியாற் பயன் யாது?

சுற்றின் ஈடான தேக்குதிறனைக் காண, மின்னழுத்த மூலங்களை அகற்றி, அவ்விடத்தைக் கம்பியால் இணைத்துக் கணக்கிடுக என்பது மாணவர் மனனஞ் செய்யும் விதி. அதன்படி இங்கு விடை 100. ஆயின் அவ்விதி தன்னளவில் நிற்கும் மூலங்களுக்கே உரியது. பெருக்கியோ சார்பு மூலம். உள்முனையின் அழுத்தத்தைப் பின்பற்றியே தன் அழுத்தத்தை அமைப்பது. உள்முனை உயிர்ப்புடன் இருக்க, அதனை மட்டும் அவித்தல் பொருந்தாது.

ஆகவே அதனை இருந்தபடியே விடுத்து, உள்முனையில் 1 வோல்ட் சோதனை அழுத்தம் கொடுப்போம். அப்பெருக்கி அழுத்தத்தைத் தலைகீழாக்கி 4 மடங்காக்குவது. ஆதலின் வெளிமுனை 4 வோல்ட் கீழிறங்கும். கண்டென்சரின் இரு முனைகட்கும் இடையே 5 வோல்ட். அது கொள்ளும் மின்னூட்டம் 500 பிக்கோகூலும். 1 வோல்ட்டுக்கு 500 ஆதலின், ஈடான தேக்குதிறன் 500 பிக்கோபாரட். தலைகீழாக்காது அதே அழுத்தத்தை வெளிமுனையிலும் நிறுத்தும் பெருக்கியாயின், இடையே வேறுபாடின்றி விடை 0 ஆகும்.

தாளிலெழுதிக் காட்டியபோது, “அப்படியானால் கண்டென்சர் பெருக்கவில்லை, எதிர்முனைதான் இறங்கியது” என்றார் பெரியவர். எம் ஒருபக்கக் கணக்கு அவர் வாயில் ஒரு வரியாயிற்று.

இதனை வெற்றிட வால்வுகளில் ஆராய்ந்து 1920-இல் வெளியிட்டவர் அமெரிக்கரான ஜான் மில்டன் மில்லர். 1924-இல் கிருஷ்ணசுவாமி செட்டியார் முயற்சியால் சென்னையில் ரேடியோ கிளப் தோன்றிய காலத்து வால்வுகளில் இவ்விளைவு பெரும் இடையூறு. உயர் அதிர்வுகளைப் பெருக்கவொட்டாது தடுத்தது. 1968-இல் வந்த 741 என்னும் சில்லிலோ அதுவே துணையாயிற்று: அதனுள் வைத்த 30 பிக்கோபாரட் தேக்கி, பன்மடங்கு பெரிய தேக்கியின் தொழிலைச் செய்து, பெருக்கி தானே அலைவுறாமற் காக்கின்றது.

இளைய மாணவர் இப்பகுதியைக் கடினமென்று ஒதுக்குவதுண்டு. அவர்கட்கு யாம் கூறுவது இதுவே: மூலத்தை அகற்றுமுன், அது தன் சொற்படி நிற்பதா, பிறர் சொற்படி நிற்பதா என்று வினவுக. பிறர் சொற்படி நிற்பதாயின் அதனைத் தொடாதீர். சோதனை அழுத்தம் கொடுத்து, மின்னூட்டத்தை எண்ணுக. விடை தானே வரும்.