லே நகருக்கு மோட்டார் சைக்கிளில்

வீட்டுப் பிள்ளை, “லடாக்குக்கு மோட்டார் சைக்கிளில் போகிறேன்” என்றால் தாயாருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அதல பாதாளமான பள்ளத்தாக்கும், அதன் விளிம்பில் சறுக்கும் சக்கரமுமே அவள் கண்முன் வந்து நிற்கும். பயம் நியாயமானதுதான். ஆனால் அப்பாதையில் போய் வந்த பின் எங்களுக்குத் தோன்றுவது வேறு. வண்டி ஓடும்போதுள்ள அபாயத்தை எல்லோரும் அறிவார்கள். வண்டியை நிறுத்திவிட்டு இரவில் படுக்கும் இடத்திலுள்ள அபாயத்தை அறிந்தவர்கள் சிலரே.

ஹிமாசலப் பிரதேசத்து மணாலியிலிருந்து புறப்பட்டோம். அது சுமார் 6,700 அடி உயரம். முன்பெல்லாம் 13,000 அடி உயரமுள்ள ரோதாங் கணவாயை ஏறிக் கடந்தாலொழிய அப்பால் போக வழியில்லை. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு, மலையின் வயிற்றுக்குள் ஒன்பது கிலோமீட்டர் ஓடினால் மறுபுறம் வந்துவிடலாம். இந்தப் பக்கம் தேவதாரு மரங்களும் தூறலும். அந்தப் பக்கம் வறண்ட பழுப்பு மலைகளும் சுட்டெரிக்கும் வெயிலும். இரண்டு வெவ்வேறு தேசங்களோ என்று மயங்கினோம். தாண்டி என்ற இடத்தில் சந்திரா நதியும் பாகா நதியும் கலக்கின்றன. கலந்து ஓடும் அந்த ஆறே கீழே போய்ச் சீனாப் என்று பெயர் பெறுகிறது. அடுத்த பெட்ரோல் 365 கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று பிரயாணிகளைப் பல்லாண்டுகள் எச்சரித்து வந்த பலகை இவ்வூர்ப் பெட்ரோல் நிலையத்தில்தான் இருந்தது. இன்றும் இங்கே தொட்டியை நிரப்பாமல் மேலே போவது விவேகமல்ல.

எங்கள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ராயல் என்ஃபீல்டு, சென்னையில் செய்தது. 1955-இல் திருவொற்றியூரில் வேரூன்றிய தொழில் அது. சீமையில் தாய்க் கம்பெனி மறைந்த பின்னும் இங்கே தழைத்து நிற்கிறது. வழியெல்லாம் எதிர்ப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை அந்த இனமே என்று கண்டபோது, எங்களுக்குச் சற்றுக் கர்வம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. 17,000 அடிக்கு மேல், கடற்கரையில் உள்ள அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதிதான். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் அங்கே பெட்ரோலை அதிகமாகக் குடித்துக் கரும்புகை கக்கி இளைக்கும். புதிய வண்டிகளோ காற்றை அளந்து, அதற்கேற்றபடி பெட்ரோலைச் செலுத்திக்கொள்ளும். ஆயினும் யந்திரத்தின் சக்தி குறையாமல் இராது. கிளட்சுக் கம்பி, டியூப், ஸ்பார்க் பிளக் மூன்றும் பையில் இருந்தால் போதும். கடையையே சுமந்துகொண்டு போக வேண்டாம்.

யந்திரம் இப்படிச் சமாளித்துக்கொள்கிறது. மனித உடம்பு அவ்வளவு விரைவில் சமாளிப்பதில்லை. 10,000 அடிக்கு மேல் போனால், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்குச் சுமார் 1,600 அடிக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது வைத்தியர்கள் கூறும் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினாலும், இரவு இறங்கிவந்து படுத்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். இனி, பலர் போகும் முறையைப் பாருங்கள்: முதல் இரவு மணாலி, இரண்டாம் இரவு 10,500 அடியில் ஜிஸ்பா, மூன்றாம் இரவு 14,000 அடியில் ஸர்ச்சூ. ஒரே நாளில் 3,500 அடி!

நாங்கள் ஜிஸ்பாவில் பாகா நதிக்கரையில் இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் விடியுமுன் புறப்பட்டோம். பனி உருகிய நீர் சில இடங்களில் சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது. காலையில் கணுக்கால் அளவாயிருக்கும் ஓடை, வெயில் ஏறிய பிறகு முழங்காலைத் தொடும். ஆகவே இந்த வழியில் விடியற்காலைப் பிரயாணமே உத்தமம்.

ஸர்ச்சூவில் ஒரு கூடாரத்தில் தேநீருக்கு நின்றோம். அங்கே திருப்பூர்ப் பக்கத்து வாலிபர்கள் நால்வர் இருந்தனர். ஒருவர் தலையைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் வாந்தியாம்.

“மாத்திரை போட்டிருக்கிறான் அண்ணா, இன்னும் ரெண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும். பாங் போய்ப் படுத்துக்கலாம்” என்றார் ஒரு நண்பர்.

பாங் இன்னும் உயரமான இடம்! கூடாரக்காரர் ஒன்றும் பேசாமல் தரையில் நேர்க்கோடு ஒன்று கிழித்து, குதிகாலும் விரலும் ஒட்டும்படி அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் வாலிபர் தள்ளாடினார். இப்படித் தள்ளாடுவது மூளையில் நீர் கோப்பதன் அடையாளம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இங்கேதான் ஸர்ச்சூவின் கொடுமை. இருபுறமும் கணவாய்கள். தெற்கே திரும்பினால் 16,000 அடி பாரலாச்சா. வடக்கே போனால் 16,600 அடி லாச்சுலுங். இறங்க வேண்டுமானால் முதலில் ஏறியாக வேண்டும்! கூடாரக்காரர் கீழே போகும் கார் ஒன்றை நிறுத்தி, அவ்வாலிபரைக் கேலாங் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். அன்று மாலை தொலைபேசியில் விசாரித்தோம்; இறங்க இறங்கவே தெளிந்துவிட்டார் என்றார்கள்.

ஆகையால் பெற்றோர், “மெதுவாகப் போ” என்று சொல்வதோடு நிற்காமல், “எந்த இரவு எத்தனை அடியில் படுக்கப் போகிறாய்?” என்று கேட்பது நல்லது. எங்கள் யோசனை: ஸ்ரீநகர் வழியாகப் போய் மணாலி வழியாகத் திரும்புங்கள். ஸ்ரீநகர் 5,200 அடி, கார்கில் 8,800 அடி, லே 11,500 அடி. உயர்ந்த கணவாய்களைப் பகலிலே கடந்துவிடலாம். லேயில் சில நாள் தங்கிப் பழகிய உடம்பு, திரும்புகையில் ஸர்ச்சூவையும் தாங்கும்.

ஸர்ச்சூவுக்கு அப்பால் 21 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு மோரே சமவெளி. அந்த வனாந்தரத்திலும் கல் உடைத்துத் தார் ஊற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தோம். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளிகள். முகத்தில் கட்டிய துணிக்கு மேலே கண் மட்டுமே தெரிந்தது. உயரத்தை வென்றதாகக் கணவாய்ப் பலகையருகே படம் பிடித்துக்கொள்கிறோமே, இவர்கள் அங்கேயே கோடை முழுவதும் வாழ்கிறார்கள்! வண்டியை மெதுவாக ஓட்டினால், அவர்கள்மேல் புழுதியாவது படாமலிருக்கும்.

கடைசிக் கணவாயான டாங்லாங்லாவில் பத்து நிமிஷத்துக்கு மேல் நாங்கள் நிற்கவில்லை. மளமளவென்று இறங்கி ரும்ட்சே கிராமத்தை அடைந்ததும் பார்லி வயலின் பசுமை தெரிந்தது. கையுறைகளைக் கழற்றினோம். உப்ஷியில் சிந்து நதி கூடவே வந்தது; விளக்கு வைக்கும் நேரத்தில் லே போய்ச் சேர்ந்தோம்.